கேரளத்தின் கண்ணூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த கோபிநாத் ரவீந்திரனின் மறுநியமனம் ஏன் ரத்தானது?

தகுதி இல்லாததால் நீக்கினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தமிழ் மாணவர்கள் பலருக்கும் இதே சந்தேகம் உண்டு.

இல்லை. அவர் வரலாற்றுப் பேராசிரியர். 2017-ல் கண்ணூர் துணைவேந்தரானார். 2019 டிசம்பரில் அங்கே நடந்த இந்திய வரலாற்றுப் பேரவை மாநாட்டில் அன்றைய கேரள ஆளுநர் ஆரிப் முகமது கான் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஆதரித்துப் பேச, அரங்கில் எதிர்ப்பு வெடித்தது. மேடையில் மூத்த வரலாற்றாசிரியர் இர்பான் ஹபீப் எழுந்து ஆளுநரை நோக்கியே வந்துவிட்டார். பிறகு ஆளுநருக்கும் துணைவேந்தருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆனாலும் 2021-ல் மறுநியமனத்துக்கு பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் கையெழுத்திட்டவர் அதே ஆளுநர்தான். 2023 நவம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வயது வரம்பு மறுநியமனத்துக்குத் தடையில்லை என்று ஒப்புக்கொண்டது. வேந்தர் சுயமாக எடுக்க வேண்டிய முடிவில் மாநில அரசு தலையிட்டதுதான் பிழை என்றது. சரி, அழுத்தத்துக்குப் பணிந்து கையெழுத்திட்டவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் கருத்து.