பன்னீர் திராட்சைக்குப் பனி நாட்டில் ஒரு பேத்தி

அமெரிக்காவின் மினசோட்டாவில் 12 வருடம் இருந்துவிட்டுப் பெரம்பூருக்குத் திரும்பியவன் நான். அங்கே வார இறுதிகளில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக்கும் அறுவடைக்கும் கைகொடுக்கப் போவேன். குளிர் ஊரில் வைன் திராட்சை எப்படி விளைகிறது என்று நம்ம ஏரியாக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில்.

மகள் மினியாபொலிஸில் வீடு வாங்கியிருக்கிறாள். மருமகனுக்குத் தோட்டத்தில் கேபர்னே திராட்சை வைத்து வைன் போட ஆசை. வைக்கலாமா? (தண்டையார்பேட்டை அம்மா)

வேண்டாம்மா, காசு தண்டம். கேபர்னே மாதிரி ஐரோப்பிய ரகங்களின் மொட்டு மைனஸ் 20, 25 டிகிரி வாக்கில் செத்துவிடும். அந்த ஊரில் 2019 ஜனவரியில் மைனஸ் 33 வரை போனது. மினசோட்டா பல்கலைக்கழகம் அந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. 1996-இல் ஃப்ரண்டினாக், 2006-இல் மார்க்கெட் (ஆமாம், நம்ம மார்க்கெட் என்று சொல்வது மாதிரியேதான் உச்சரிப்பு). சிவப்பு வைனுக்கு என் ஓட்டு மார்க்கெட்டுக்கு. பினோ நுவார் என்ற பிரெஞ்சு சிவப்புத் திராட்சை அதற்குப் பாட்டன் முறை.

ஒன்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் புல்தரைக்கு அடிக்கும் களைக்கொல்லி காற்றில் வந்தால் திராட்சை இலை சுருண்டுவிடும். வேலியோரம் வைக்க வேண்டாம். முதல் உருப்படியான அறுவடைக்கு மூன்று வருடம் ஆகும்.

மைனஸ் 33-இல் ஒரு செடி எப்படி அண்ணே உயிரோடு இருக்கும்? (காசிமேடு தம்பி)

தம்பி, உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஐஸில் போட்ட மீன் கெட்டியாக இருக்கும். அதே மீன் உள்ளே வரை உறைந்து, பிறகு இளகினால் சதை கொழகொழத்துப் போகும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஐஸாகி திசுவைக் கிழித்துவிடுகிறது. திராட்சை மொட்டுக்கும் அதே ஆபத்துதான்.

அதனால் பகல் குறுகி, குளிர் ஏறத் தொடங்கியதுமே கொடி தயாராகிறது. பச்சைத் தண்டு பழுப்பேறி மரமாகிறது, செல்லில் சர்க்கரை கூடுகிறது, மொட்டில் ஈரம் குறைகிறது. மிச்சம் இருக்கும் நீர் பூஜ்யத்துக்கு வெகு கீழே போனாலும் உறையாமல் நிற்கிறது. இந்த வித்தையில் கெட்டிக்காரி, அந்த நாட்டு ஆற்றங்கரைகளில் தானாகப் படரும் ரிப்பேரியா என்ற காட்டுத் திராட்சை. மைனஸ் 40-ஐக்கூடத் தாங்கும். பழம்தான் சின்னது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதையும் ஐரோப்பிய ரகங்களையும் தலைமுறை தலைமுறையாகக் கலப்பினம் செய்து வந்தவைதான் இந்தப் புது ரகங்கள்.

ஆனால் ஜனவரியைவிட நான் பயந்தது மே மாதத்துக்குத்தான். மார்க்கெட் அவசரக்காரி, கொஞ்சம் வெயில் அடித்ததும் துளிர்த்துவிடுவாள். ஒரு வருடம் துளிர் விட்ட பிறகு ஒரே ராத்திரி உறைபனி. காலையில் போய்ப் பார்த்தால் வெந்நீர் ஊற்றின கீரை மாதிரி தொங்குகிறது. பக்கத்திலேயே இருக்கும் இரண்டாம் மொட்டு பிறகு முளைத்தது, காய்ப்பு பாதிகூட இல்லை.

நாங்கள் கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சையில்தான் வைன் போடுவோம். அந்த ஊர்த் திராட்சைக்கு இந்த வாசனை வருமா? (பெரம்பூர் ஆன்ட்டி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஆன்ட்டி! 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கம்பம் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். விஸ்கான்சினில் எல்மர் ஸ்வென்சன் என்று ஒரு பால் பண்ணைக்காரர் வாழ்நாளெல்லாம் திராட்சையைக் கலந்து கலந்து பார்த்தவர். அவருடைய தோட்டத்தில் ரிப்பேரியாவுக்கும் மஸ்கட் ஹாம்பர்க்குக்கும் பிறந்த ஒரு கொடி இருந்தது. அந்தக் கொடியின் பிள்ளைதான் 2002-இல் வெளிவந்த லா கிரெசென்ட். அதாவது நம்ம பன்னீருக்குப் பேத்தி. வெள்ளைத் திராட்சை, வைனில் ஆப்ரிகாட் பழ வாசனை தூக்கும். முதல்முறை மோந்து பார்த்தபோது எனக்கு டிசம்பர் மாத பெரம்பூர் வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நண்பர் கொண்டுவந்த ஃப்ரண்டினாக் வைன் ஒரே புளிப்பு. கெட்டுப்போய்விட்டதா? (ராயபுரம்)

கெடவில்லை சார், பிறவிக் குணம். பறிக்கும்போதே சாற்றில் லிட்டருக்கு 15 கிராம் வரை அமிலம் இருக்கும். குடிக்க இதமான சிவப்பு வைனுக்கு 6, 7 கிராம் போதும். இனிப்பு ஏறிவிட்டதே என்று சீக்கிரம் பறித்தால் தொலைந்தது, புளிப்பு இறங்கும்வரை கொடியிலேயே விட வேண்டும். அப்புறம் 71பி என்ற ஈஸ்ட், சாற்றில் புளிப்பேற்றும் மாலிக் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அடுத்து பாக்டீரியாவை விட்டு மிச்ச மாலிக்கை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வைனில் கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைத்துக் கொடுப்பார்கள். புளிக்கே பயப்படுகிறவர்கள் 2017-இல் வந்த, புளிப்பு குறைந்த இட்டாஸ்கா என்ற ரகத்தின் பக்கம் போகலாம்.

வீட்டில் போட்ட வைனை அங்கே விற்கலாமா? (மருமகன் சார்பில் மறுபடியும் தண்டையார்பேட்டை அம்மா)

கூடாதும்மா. பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குப் போடலாம். மத்திய சட்டம் அவ்வளவுதான் விடுகிறது. மாப்பிள்ளைக்கு அது தாராளம்.

ஒரு குச்சி கொண்டுவந்து எங்கள் மொட்டை மாடியில் லா கிரெசென்ட் வளர்க்க முடியுமா? (கொளத்தூர்)

பெட்டியில் சொருகிக் கொண்டுவராதீர்கள். செடிக்கு இறக்குமதி அனுமதி, நோய்ச் சோதனை எல்லாம் உண்டு. வந்தாலும் பிரயோஜனம் இல்லை. இந்த ரகங்களுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும், மார்கழியில் நாம் மங்கி குல்லா போடும் 20 டிகிரி அதற்குப் போதாது. தூங்காத கொடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்த்து இளைத்துப்போகும். கம்பத்தில் குளிர் செய்கிற வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது, அதனால்தான் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் அறுவடை. மாடியில் பந்தல் போட இடம் இருந்தால் மாதவரம் பக்கம் நர்சரிகளில் பன்னீர் கன்று கேட்டுப் பாருங்கள். தொட்டி பெரிதாக இருக்கட்டும், அடியில் தண்ணீர் தேங்கவே கூடாது.