கார் இல்லாமல் வின்டர்மியர்

மான்செஸ்டருக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், கார் இல்லை, வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட்டை ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது தம்பி. ஒரே ஓர் ஊரை நிதானமாகக் காட்டலாம். ஒரே நாளில் பத்து ஏரி என்று வேனில் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு அதில் ஏறி இறங்கவே பொழுது போய்விடும்.

அங்கே வின்டர்மியர் என்கிற ஊருக்குப் போங்கள். ஆக்ஸன்ஹோம் ஸ்டேஷனில் வண்டி மாறினால் ஊர் வரைக்கும் ரயில் இருக்கிறது. 60 வயதானவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி ஸ்டேஷனிலேயே சீனியர் ரயில்கார்டு வாங்கலாம். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 1847-இல் திறந்த ரயில் பாதை இது. வெளியூர்க் கூட்டம் வந்து அமைதியைக் கெடுக்கும் என்று கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் எதிர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஆகஸ்ட் சனிக்கிழமையில் போனால் நீங்களும் அவர் கட்சிதான். வார நாளில் போங்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஏரியைத் தேடாதீர்கள். அது ஒன்றரை மைல் கீழே, பௌனஸ் என்கிற கரையோர ஊரில். இறங்குவது சுகம், ஏறும்போது அம்மாவிடம் திட்டு விழும். 599 பஸ்ஸைப் பிடியுங்கள். அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைத்தால், முதலில் ஸ்டேஷனுக்கு எதிரே போகும் பாதையில் ஆரெஸ்ட் ஹெட் குன்றில் ஏறிவிடுங்கள். உயரம் 238 மீட்டர்தான். இங்கிலாந்தின் மிக நீளமான ஏரியான வின்டர்மியர் மேலேயிருந்து நீட்டிப் படுத்திருப்பது தெரியும்.

பௌனஸில் அவசரமே வேண்டாம். ஆம்பிள்சைடு என்கிற பக்கத்து ஊருக்குப் படகில் அரை மணி நேரம் போய்விட்டு வாருங்கள். மீதிப் பொழுதுக்குக் கரையோர பெஞ்சு போதும். முதுகுச் சட்டத்தில் சின்னப் பித்தளைத் தகட்டில், இந்த இடத்தை நேசித்து மறைந்த யாரோ ஒருவர் பெயர் இருக்கும். அம்மா நிச்சயம் படிக்கச் சொல்லிக் கேட்பார். கையில் தின்பண்டம் இருந்தால் ஜாக்கிரதை. இங்கே அன்னங்களுக்குக் கூச்சமே கிடையாது, மடியில் இருக்கும் பொட்டலத்தையே கொத்தி இழுக்கும்.

அப்புறம் சாப்பாடு. சைவம் என்றால் சிப்ஸை (இங்கே அது சூடாகப் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள்) நம்பி வாங்கிவிடாதீர்கள். வட இங்கிலாந்தில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள்; எந்த எண்ணெய் என்று கேட்டால் சொல்வார்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போவது இன்னும் நிம்மதி. குடை காற்றில் நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். கடைசி ரயில் எப்போது என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவதே தெரியாது.