கடல் கடந்து வேலைக்குப் போனவர்களின் வரலாறு: வகுப்பறைக்கான கேள்வி பதில்

பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தமிழர்கள் தோட்ட வேலைக்காகக் கடல் கடந்த வரலாற்றை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த துறை அது ஒன்றுதான் என்பதால், அதற்கு வெளியே உள்ளவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை): வணக்கம் ஐயா. ஒப்பந்தக் கூலிமுறை பற்றிய பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? நம் ஊர் வறுமையிலிருந்தா?

பதில்: வறுமையிலிருந்து தொடங்காதீர்கள் அம்மா. அப்படித் தொடங்கினால், பசித்தவன் பிழைக்கப் போனான் என்ற ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடும். அவனை யார் எதற்காக அழைத்தார்கள் என்பதை மாணவர் கேட்கமாட்டார்.

1834இல் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்ததிலிருந்து தொடங்குங்கள். விடுதலைக்கான இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. அதே 1834இல் மொரீசியசுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் போகத் தொடங்கினார்கள். 1920 வரை அந்தத் தீவில் மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இறங்கினார்கள்.

இதை விளங்கவைத்த பிறகு நம் ஊருக்கு வாருங்கள். நிலவரி, கடன், சொந்தமாக ஒரு சாண் நிலம்கூட இல்லாதபடி சிலரை வைத்திருந்த சாதி, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் ஆகிய எல்லாம் அப்போது தத்தம் இடத்தில் பொருந்தும்.

கேள்வி (அதே ஆசிரியை): மாணவர் கையில் கொடுக்க ஓர் ஆவணம் சொல்ல முடியுமா?

பதில்: தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியல்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் நேட்டாலுக்கு அனுப்பப்பட்டார்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகியவை இருக்கும்.

நான் வகுப்பில் ஒரே ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இந்த மனிதரைப் பற்றி இதில் இல்லாதது என்ன என்று கேட்பேன். முதலில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர், இவருக்குக் கடன் இருந்ததா என்பார். இன்னொருவர், வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தார் என்பார். ஒரு முறை ஒரு மாணவி, உயரத்தை அளந்தவர் பெயர் ஏன் இல்லை என்று கேட்டாள். காலனிய ஆவணத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியைவிடத் தெளிவாக நான் எந்த விளக்கத்திலும் சொன்னதில்லை.

கேள்வி: ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதிலிருந்து தொடங்கினால் மாணவர்களுக்குப் பெருமித உணர்வு வருமே?

பதில்: 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு வேறு பாடம். அரசன் ஆணையில் படையோடு போனவரையும், ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்துப் போனவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் இருவரையும் மாணவர் புரிந்துகொள்ளமாட்டார்.

கேள்வி (பயிற்சி ஆசிரியர்): அவர்கள் ஏமாற்றப்பட்டார்களா, வாய்ப்பைத் தேடி விரும்பிச் சென்றார்களா? தேர்வில் எதை எழுதச் சொல்வது?

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் பிழை. விரும்பினாரா என்ற கேள்விக்கு ஆவணங்கள் பதில் சொல்வதில்லை. இறந்தவர் மனத்தை நாம் திறந்து பார்க்கவும் முடியாது. அதனால் மாணவரிடம் வேறொரு கேள்வியைக் கொடுக்கிறேன்: வேலை பிடிக்கவில்லை என்றால் அவரால் விட்டுவிட்டுப் போக முடிந்ததா?

இதற்கு ஆவணங்களில் பதில் உண்டு. ஒப்பந்தம் ஐந்தாண்டு. வேலைக்கு வராமல் இருப்பதும் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவதும் குற்றங்கள். அவற்றுக்குச் சிறைத் தண்டனை உண்டு. இன்று வேலையை விடுபவர் சம்பளத்தை இழப்பார், அன்றைய தொழிலாளி விடுதலையையே இழந்தார் என்ற வேறுபாட்டைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகூட உடனே பிடித்துக்கொள்ளும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் கணக்காகவே கொடுங்கள். நேட்டாலில் முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் அங்கேயே தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். அப்படியானால் வரி எத்தனை மாதச் சம்பளம்? ஆறு மாதம். யாரும் சொல்லித்தராமலேயே மாணவர் அந்த வரியின் நோக்கத்தைச் சொல்லிவிடுவார். 1913இல் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும், தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரியில் மறைந்ததையும், அதே ஆண்டில் வரி நீக்கப்பட்டதையும் இந்தக் கணக்குக்குப் பிறகு சொன்னால், அவை வெறும் ஆண்டுகளாக இல்லாமல் அந்த ஆறு மாதச் சம்பளத்துக்கான மறுமொழியாக நிற்கும்.

ஆனால் பாடத்தை அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஊரில் கைம்பெண்ணாக ஒடுங்கிக் கிடக்க மறுத்துக் கப்பலேறிய பெண்கள் இருந்தார்கள். சாதிக் கொடுமையிலிருந்து தப்பிக்கப் போனவர்கள் இருந்தார்கள். ஊர் திரும்பி, இருக்க முடியாமல் மீண்டும் கையெழுத்திட்டவர்களும் இருந்தார்கள். மொரீசியசில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சேமித்த காசில் நிலம் வாங்கிய குடும்பங்கள் பல. வாய்ப்பு என்ற சொல் அவர்களுக்கு உரியது. அதை அவர்களிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமையில்லை. ஆட்களை அனுப்பிய அரசு அதே சொல்லைத் தன் சான்றிதழாக எடுத்துக்கொள்வதைத்தான் நாம் ஏற்கக்கூடாது. இந்த முறை புதிய அடிமைமுறையாகிவிடக்கூடும் என்ற அச்சத்தை 1840இலேயே பிரிட்டன் அமைச்சர் ஜான் ரசல் பிரபு எழுதியிருக்கிறார். ஆகவே, அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பவும் இடமில்லை.

கேள்வி: மாணவர்களை இருட்டறையில் நெருக்கமாக உட்காரவைத்துக் கப்பல் பயணத்தை நடித்துக்காட்டலாமா?

பதில்: வேண்டாம். பத்து நிமிட இருட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள் அல்லது அழுவார்கள். இரண்டுமே வரலாறு ஆகாது. இதோடு இன்னோர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன்: அத்தகைய குடும்பத்திலிருந்து வந்த மாணவரை எழுப்பி, உன் தாத்தா கதையைச் சொல் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவர் பாடம் படிக்க வந்தவர், பாடப்பொருள் அல்லர்.

கேள்வி (கல்லூரி மாணவர்): இலங்கைக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலோர் கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பவர் வழியாகத்தான் போனார்கள். கங்காணி நம் ஊர்க்காரர், பலருக்கு உறவினர். அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. இதற்கும் காலனிய அரசைக் குறைசொல்வது நியாயமா?

பதில்: ஒப்பந்தத் தாள் இல்லை என்பது சரி, தாளே இல்லை என்பது சரியல்ல. தோட்டத்துரை கொடுத்த முன்பணத்தோடு கங்காணி ஊருக்கு வந்தார். பயணச் செலவும் கைச்செலவுக்குக் கொடுத்ததும் தொழிலாளியின் கடனாக ஏறின. இலங்கையில் அந்தக் கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டது. அதில் உள்ள தொகையைக் கட்டும் வேறு தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். அதாவது, சீட்டு கைமாறினால் மனிதரும் கைமாறினார். 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மேலே சொன்ன கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். விட்டுவிட்டுப் போக முடிந்ததா? சட்டம் தடுக்காத இடத்தில் கடன் தடுத்தது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்த வாய் நம்மவர் வாய்தான். முன்பணம் யாருடையது என்று மாணவர் கேட்கட்டும்.

மறுப்பு (இலங்கை மலையகத்திலிருந்து ஓர் ஆசிரியர்): ஐயா, என் பாட்டனார் கங்காணியாக இருந்தவர். தம் ஆட்களுக்குக் கோயில் கட்டினார், கலியாணம் பேசி முடித்தார், துரையிடம் அவர்களுக்காகச் சண்டையும் போட்டார். உங்கள் பதிலில் அவர் தரகராக மட்டும் நிற்கிறார்.

பதில்: உங்கள் பாட்டனார் செய்தவற்றை நான் மறுக்கவில்லை ஐயா. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. பல தோட்டங்களில் தொழிலாளியின் சம்பளமே அவர் கை வழியாகத்தான் வந்தது. ஆளைக் காப்பதும் ஆளைப் பிடித்துவைப்பதும் ஒரே மனிதரின் வேலையாக அமைந்துவிட்டது. நல்லவர் ஒருவர் அந்த இடத்தில் இருந்தாலும் அந்த இடம் மாறவில்லை.

மறுப்பு (மலேசியாவிலிருந்து ஓர் ஆசிரியை): இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒப்பந்த முறையில் தனி ஆட்கள் வந்தார்கள். கங்காணி குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராகக் கொண்டுவந்தார். எங்கள் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகளும் திருவிழாக்களும் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் இல்லையா?

பதில்: ஆம் அம்மா. அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மலாயாவுக்கான ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது. 1938இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி வழியாகவும், தாமாகவும் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். குடும்பமாகப் போனதால் மொழி நின்றது. நேட்டாலிலும் பிஜியிலும் தமிழ் மங்கியதோடு ஒப்பிட்டுக் காட்டத் தகுந்த செய்தி இது. ஆனால் தோட்டத்துக்குக் குடும்பம் ஏன் இலாபமாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கவும் ரப்பர்ப் பால் வெட்டவும் பெண்களின் உழைப்பு வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கொடுத்த கூலி ஆண்களுடையதைவிடக் குறைவு. லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை தோட்டத்துக்கு அடுத்த தலைமுறைத் தொழிலாளி. மொழி நிலைத்ததும் உழைப்பு நிலைத்ததும் ஒரே ஏற்பாட்டில் நடந்தன.

கங்காணியைப் பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். நல்லவரா கெட்டவரா என்பதற்கு மேல் அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லாததால் மேலே போகிறேன்.

கேள்வி: சோழர் காலக் கடல் வணிகத்தோடு தொடர்புபடுத்தலாமா?

பதில்: மூன்றாம் முறையாக இதே கேள்வி. மேலே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எந்த நாடு நல்லது?

பதில்: கல்வி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கேள்வி (நீலகிரியில் பணியாற்றும் ஆசிரியர்): என் வகுப்பில் பாதிப் பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள். பாடத்தை எப்படி எடுப்பது?

பதில்: முதலில் அவர்களை அந்தப் பெயரால் அழைக்காமல் எடுங்கள். நான்கு தலைமுறை மலையில் வாழ்ந்தவருக்குத் தாயகம் எது என்பதை அரசுகள் முடிவு செய்தன. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை மேசையில் அந்த மக்களுக்கு இருக்கை இல்லை. திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் மீண்டும் கொழுந்து எடுத்தார்கள். இதைப் பொதுவாகச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்துச் சொல்லாதீர்கள். வீட்டுக் கதையைச் சொல்ல விரும்பும் மாணவர் தானாக வருவார். வந்தால் தனியே கேளுங்கள்.

கேள்வி: வளைகுடா வேலைக்குப் போவோரோடு ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிடலாம், ஒன்று என்று சொல்லக்கூடாது. கப்பல் காலத்தில் துறைமுகத்தில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். அந்தப் பதவி 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்திலும் அதே பெயரில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அவரிடம் அனுமதி பெற வேண்டும். முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டிய தொகை, முதலாளி பிடுங்கிவைக்கும் பாஸ்போர்ட் ஆகியவற்றையும் விட்டுப்போக முடிந்ததா என்ற கேள்விக்கு உட்படுத்துங்கள். சிலருக்கு முடிகிறது, சிலருக்கு முடிவதில்லை என்பதே மாணவர் கண்டுபிடிக்க வேண்டியது. வகுப்பில் தந்தை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்; மேலே சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: தாத்தா பாட்டியிடம் பேட்டி எடுத்துவரச் சொல்லி மதிப்பெண் தரலாமா?

பதில்: கட்டாயமாக்காதீர்கள். இதே எச்சரிக்கையை மீண்டும் மீண்டும் எழுதவேண்டி வருகிறது.

கேள்வி (ராமநாதபுரம் மாவட்ட ஆசிரியை): மாணவர்களைக் களப்பயணமாக மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அழைத்துச் செல்லலாமா ஐயா?

பதில்: தனுஷ்கோடிக்குக் கட்டாயம் செல்லுங்கள் அம்மா. 1914இல் அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் சேவை தொடங்கியது. அதற்கு முந்தைய தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி, மலைநாட்டு மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பலர் இறந்தார்கள். இடிந்த ரயில் நிலையத்தின் முன் நின்று வரைபடத்தை விரித்து, அந்த நடைவழியை மாணவர்களே கோடு போட்டுப் பார்க்கட்டும். 1964 டிசம்பரில் புயல் அந்த ஊரை அழித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஐந்து லட்சம் பேரைத் திருப்பி அனுப்பும் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. பிறகு அவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள்.

மண்டபம் முகாம், இலங்கைத் தோட்டங்களுக்குப் போவோரை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம். பின்னாளில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கான முகாமாயிற்று. உள்ளே போகாதீர்கள். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. உங்கள் மாணவர்களின் வயதுப் பிள்ளைகள் அங்கிருந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். முகாமின் வரலாற்றைப் பேருந்திலேயே சொல்லிவிட்டு, நேரே தனுஷ்கோடிக்குப் போய்விடுங்கள்.