35 நிமிடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

கேள்வி: 7 மீட்டர் நீள மோட்டார்ஹோம் (படுத்துத் தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். செப்டம்பரில் சவுத்ஹாம்ப்டனிலிருந்து பிரான்சின் செயின்ட் மாலோவுக்குப் போகிறோம். முழங்கால் வலியுள்ள அம்மாவும் எங்கள் நாயும் உடன் வருகிறார்கள். கடலுக்கு அடியில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் சுரங்க ரயிலா, கப்பலா? ரயில் 35 நிமிடம்தான் என்பதால் கணவர் அதையே விரும்புகிறார்.
– ஒரு வாசகி, சவுத்ஹாம்ப்டன்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்லும் 35 நிமிடம் சரியானதுதான். ஆனால் அது இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனுக்கும் பிரான்சின் கலேவுக்கும் இடையிலான நேரம். உங்கள் வீட்டிலிருந்து ஃபோக்ஸ்டனுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். கலேயில் இறங்கியபின் செயின்ட் மாலோவுக்கு இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகாத பெரிய வண்டியில். முதல் முறை நானும் இதே கணக்கைப் போட்டு, இதே வழியில்தான் போனேன். இரவு முகாமைச் சேர்ந்தபோது என் மாமியாரின் கால்கள் வீங்கிப் போயிருந்தன. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே போர்ட்ஸ்மவுத் இருக்கிறது. அங்கே மாலையில் கப்பல் ஏறினால் மறுநாள் காலை செயின்ட் மாலோவிலேயே இறங்கலாம். அம்மா கட்டிலில் படுத்துத் தூங்கியபடி கடலைக் கடப்பார். கட்டணம் கூடுதலாகத் தோன்றும். 700 கிலோமீட்டருக்கான டீசல், பிரான்சின் சுங்கச் சாலைக் கட்டணம், வழியில் ஓரிரவுத் தங்கல் எல்லாவற்றையும் கூட்டியபின் ஒப்பிடுங்கள்.

முன்பதிவு செய்யும்போதே அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லி, லிஃப்டுக்கு அருகில் வண்டியை நிறுத்த இடம் கேளுங்கள். கப்பல் புறப்பட்டபின் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மோட்டார்ஹோமுக்குள்ளேயே படுத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே மாத்திரைகள், போர்வை, மாற்றுடை எல்லாம் ஒரு தனிப் பையில் இருக்கட்டும். காஸை மூடுங்கள். வண்டியின் திருட்டு எச்சரிக்கை மணியையும் நிறுத்திவிடுங்கள். கடல் அசைவில் அது தானாக அலறும்.

நாயை உடன் வைத்துக்கொள்ளக்கூடிய அறைகள் சில கப்பல்களில்தான் உண்டு, அவையும் குறைவு. அந்த அறை கிடைக்கும் தேதியைப் பார்த்துப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள். நாய்க்கு மைக்ரோசிப்பும் வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும். முதல் தடுப்பூசி என்றால் போட்டு 21 நாட்கள் கழிய வேண்டும். பிரான்சுக்குள் நுழையும் முன் 10 நாட்களுக்குள் விலங்கு நலச் சான்றிதழும் வாங்க வேண்டும். திரும்பும்போது பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் என் பதில் மாறும். செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாய்க் கடல் கொந்தளிக்கும் நாட்களும் உண்டு. சுரங்கத்தில் அலையின் ஆட்டம் இல்லை, படியேற வேண்டாம், நாயும் உங்களோடு வண்டியிலேயே இருக்கும். அப்படியானால் கலேயில் இறங்கியதும் நேரே ஓடாமல் வழியிலுள்ள ரூவான் நகரின் பக்கத்தில் ஓரிரவு தங்குங்கள்.

எந்த வழியானாலும் வண்டியை நீங்களே அளந்து பாருங்கள். முன்பதிவில் ஆவணத்தில் உள்ள உயரத்தைக் கொடுத்துவிட்டு, கூரையில் பின்னர் பொருத்திய குளிர்சாதனப் பெட்டியை நான் மறந்துவிட்டேன். பின்னால் மாட்டும் சைக்கிள் தாங்கியும் நீளத்தில் சேரும்.

கேள்வி: சமையல் காஸ் சிலிண்டரோடு சுரங்க ரயிலில் ஏறலாமா?
– மற்றொரு வாசகர், லெஸ்டர்

பதில்: ஏறலாம். ஒரு சிலிண்டர் என்றால் 47 கிலோ வரை. ஒன்றுக்கு மேல் என்றால் மொத்தம் 50 கிலோவைத் தாண்டக் கூடாது. இணைப்பை மூடியிருக்க வேண்டும். ஆனால் வண்டியின் என்ஜினே எல்.பி.ஜி.யில் ஓடுவதாக இருந்தால், பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினாலும் ஏற்றமாட்டார்கள். அப்படியானால் கப்பல்தான், அங்கும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: பிரிட்டனிலிருந்து இறைச்சியோ பாலோ பிரான்சுக்குள் கொண்டுபோக முடியாது. புறப்படும் முன் குளிர்பெட்டியைக் காலி செய்துவிடுங்கள்.