வீடியோவில் பார்த்த மகனுக்கு

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர். வட ஆப்பிரிக்காவில் டோப்ரூக்கில் சிறைப்பட்டு, போர் முடிந்து தென்னாப்பிரிக்காவில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிக்குத் திரும்பி வந்தார். உயிரோடு இருந்தவரை அவர் தன் பதக்கங்களைப் போட்டுக்கொண்டதே இல்லை. 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த அப்புறம் அப்பாதான் அவற்றை அணிந்து, ஒவ்வொரு நவம்பரிலும் டர்பன் போர் நினைவுச் சின்னத்து அணிவகுப்பில் நடக்க ஆரம்பித்தார். அவருக்கு இப்போது 79 வயது, என்னோடுதான் இருக்கிறார். போன வருஷம் பாதி வழியில் முழங்கால் மடங்கிவிட்டது. அக்கா தாங்கிப் பிடித்துக் கடைசிவரை நடத்திப் போனதை வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் பார்த்தேன். இந்த வருஷம் நான் நடப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் அப்பா பதக்கங்களை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அவள் கல்யாணமாகி டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸுக்குப் போனவள். மகன் நான் இருக்கும்போது இது முறையா? சண்டை இல்லாமல் எப்படித் திரும்ப வாங்குவது?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். ‘வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் பார்த்தேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அப்பாவுக்கு முழங்கால் மடங்கிய நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வேலை இருந்ததா, உடம்பு சரியில்லையா, வெளியூர் போயிருந்தீர்களா? ஒரு காரணமும் எழுதவில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11-ஐ ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அணிவகுப்பு. சாட்ஸ்வொர்த்திலிருந்து நினைவுச் சின்னம் இருக்கிற ஃபேர்வெல் சதுக்கத்துக்கு ஞாயிறு காலையில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? உங்கள் அக்கா நகரத்துக்கு வடக்கே இருப்பவர். நகரத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவை ஏற்றிக்கொண்டு மறுபடி நகரத்துக்குப் போய், திரும்பவும் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் பீனிக்ஸ் போக முடியும். ‘கல்யாணமாகிப் போனவள்’ இத்தனையும் செய்கிறார். ஒரே கூரையின் கீழ் அப்பாவோடு இருக்கிற நீங்கள், அவர் கிளம்பிப் போனதைப் பார்த்துவிட்டு, விழப்போனதைப் போனில் பார்த்திருக்கிறீர்கள்.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒருவருக்கு அம்மாவின் நகை, ஒருவருக்குப் பூஜையறை விளக்கு, ஒருவருக்கு வீட்டுப் பத்திரம். பொருள்தான் மாறுகிறது, ‘மகன் நான் இருக்கும்போது’ என்பது மாறுவதே இல்லை. மகன் என்றால் முதலில் ஓடி வர வேண்டியவன் என்று நம்புகிறவள் நான். ஓடி வராதவன் பங்கு கேட்டு மட்டும் முன்னால் வந்து நின்றால் எனக்குப் பொறுக்காது.

நீங்கள் அந்த அணிவகுப்புக்குப் போனதில்லை என்று எனக்குத் தோன்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. தாத்தா துப்பாக்கி ஏந்தினார் என்கிறீர்கள். ஒரு தடவை போயிருந்தாலும் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். நம்மவர்கள், இந்த நாட்டு இந்தியர்கள், சேர்ந்தது இந்திய மலாய்ப் படையில். அன்றைய பிரதமர் ஸ்மட்ஸின் அரசு அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. வெள்ளையர் அல்லாதவர் ஆயுதம் தூக்கக் கூடாது என்பதுதான் அன்றைய கொள்கை. லாரி ஓட்டினார்கள், சமைத்தார்கள், குண்டு விழுகிற இடத்தில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். 1942 ஜூன் 21-இல் டோப்ரூக் விழுந்தபோது பிடிபட்ட ஆயிரக்கணக்கான தென்னாப்பிரிக்கர்களில் இந்த நிராயுதபாணிகளும் உண்டு. கையில் ஒன்றும் இல்லாமல் போர்முனையில் நின்றவர் உங்கள் தாத்தா. அதற்கு வேண்டிய தைரியம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அவர் பெருமைக்கு நீங்கள் ஒரு துப்பாக்கியைக் கற்பனை செய்து கொடுக்க வேண்டியதில்லை.

அவர் ஏன் பதக்கத்தைப் போடவில்லை என்று அப்பாவிடம் என்றைக்காவது கேட்டீர்களா? அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் திரும்பி வந்த ஊரில் என்ன நடந்தது என்று சொல்ல முடியும். 1946-இல் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டு ஒரு சட்டம் வந்தது. ஒரு சாராரை ஒதுக்கி அடைக்கிற இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘கெட்டோ’ என்று பெயர். நம்மவர்கள் அதை ‘கெட்டோ சட்டம்’ என்றே சொன்னார்கள். அந்த ஜூன் மாதம் டர்பனில் அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேர்கிற முனையில் கூடாரம் போட்டு சத்தியாக்கிரகம் செய்து, ஆணும் பெண்ணுமாகச் சிறைக்குப் போனார்கள். 1950-இல், எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் இருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. அப்புறம் கேட்டோ மேனரை விட்டுக் கிளப்பினார்கள். 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு மூட்டை கட்டி வந்த குடும்பங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். இந்த நாட்டுக்காகச் சிறைப்பட்டவரிடம், நீ இந்தத் தெருவில் இருக்கக் கூடாது என்று அதே நாடு சொன்னது. 1994-க்கு அப்புறம் அப்பா பதக்கத்தை எடுத்துக் குத்திக்கொண்டு நகர மண்டபத்துக்கு முன்னால் நடந்தார் என்றால், தன் அப்பாவுக்குத் தராத மரியாதையை அந்தத் தெருவிலேயே வாங்கிக் கொடுக்கப் போனார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அக்கா அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

பதக்கங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றில் ஆப்பிரிக்க சேவைப் பதக்கம் இருந்தால், ஒரு பக்கம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடம், மறுபக்கம் துள்ளுகிற ஸ்பிரிங்பாக் மான். அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினால் சின்ன எழுத்தில் ஒரு படை எண்ணும், முதலெழுத்தோடு பெயரும் பொறித்திருக்கும். தென்னாப்பிரிக்கா தன் வீரர்களுக்கு அப்படித்தான் கொடுத்தது. உங்கள் தாத்தாவின் எண் என்ன, தம்பி? அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பதக்கத்தைத் துடைக்கிறவர் கண்ணில் படாமல் இருக்காது.

விரதம் இருந்து உடம்பைக் காயப்போட்டவர் ஒருத்தர், தைப்பூசத்தன்று காலையில் வந்து காவடியை என் தோளில் வை என்கிறவர் இன்னொருத்தர் என்றால், கோயிலில் ஒப்புக்கொள்வார்களா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முறையா என்றால், முறைதான். அப்பா உயிரோடு, சுயநினைவோடு இருக்கிறார். தன் கையால் கொடுத்திருக்கிறார். அதைத் திரும்ப வாங்க வழி கேட்டு எனக்கு எழுதினீர்களே, ஏன் கொடுத்தீர்கள் என்று அடுத்த அறையில் இருக்கிற அவரைக் கேட்டீர்களா? வாரிசுகள் பதக்கத்தை வலது மார்பில் அணிவது வழக்கம். அந்த வலது மார்பு மகனுடையதாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தாத்தாவின் ரத்தம் அக்கா உடம்பில் ஓடவில்லையா? அவர் அணிந்து நடக்கட்டும். அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள ஒரு ஆள் வேண்டும், அது நீங்களாக இருங்கள். வீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் எல்லோரும் மௌனமாக நிற்பார்கள். 1918-இல் கேப் டவுனில் தினம் நடந்த அந்த வழக்கம்தான் அப்புறம் உலகம் முழுக்கப் போனது. அந்த நேரத்தில் போனை எடுக்காமல் நில்லுங்கள்.

இன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்யுங்கள். பதக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம். இந்த வருஷம் அப்பாவை நான் கூட்டி வருகிறேன், நீ பீனிக்ஸிலிருந்து நேராக வந்துவிடு என்று சொல்லுங்கள். இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று அவர் கேட்பார், திட்டுவார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கோபம் அடங்கியபின் அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடும் தாத்தாவின் முழுப் பெயரோடும் பிரிட்டோரியாப் பகுதியில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, அவருடைய சேவைப் பதிவின் நகலைக் கேளுங்கள். பதில் வர நாளாகலாம், விடாமல் கேளுங்கள். வந்ததும் முதலில் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள், அக்காவுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.