மௌச்லி பாஸ் போட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: கழுத்து வலிக்குப் பயிற்சி எடுத்த 15 பேரிடம் 1, 2, 4, 12-ஆவது வாரங்களில் வலி மதிப்பெண் வாங்கினேன், சார். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (அதே ஆட்களைப் பலமுறை அளந்து சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டேன். எஃப் (அந்தச் சோதனையின் விடை) 3.1, பி (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு, 0.05-க்குக் கீழே வர வேண்டும்) 0.04-க்குக் கிட்ட. இந்த அனோவாவுக்கு ஸ்பெரிசிட்டி என்றொரு நிபந்தனை உண்டு; அதைப் பார்க்கும் மௌச்லி சோதனையில் பி 0.09, அதாவது 0.05-க்கு மேலே வந்ததால் ஸ்பெரிசிட்டி சரியாக இருக்கிறது, மேலே போகலாம் என்கிறார் கைடு. போகலாமா?
– பிசியோதெரபி முதுநிலை மாணவி, சேலம்

பதில்: கொஞ்சம் நில்லுங்கள். அதே அவுட்புட்டில் கிரீன்ஹவுஸ்-கெய்சர் எப்சிலான் என்று, ஸ்பெரிசிட்டி எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் ஒரு எண் இருக்குமே, அதைப் பார்த்தீர்களா? நீங்கள் அனுப்பிய தாளில் அது 0.67.

ஸ்பெரிசிட்டி என்பது அந்தந்த வார மதிப்பெண்களின் பரவலைப் பற்றியது அல்ல, வித்தியாசங்களின் பரவலைப் பற்றியது. எக்செலில் முதல் வாரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து ஒரு பத்தி, பன்னிரண்டாவதைக் கழித்து இன்னொரு பத்தி, இப்படி ஆறு ஜோடிக்கும் போட்டு வேரியன்ஸ் (பரவலின் அளவு) எடுங்கள். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோதான் குறையும்; பன்னிரண்டாம் வாரத்துக்குள் ஒருவருக்கு வலி சுத்தமாகப் போயிருக்கும், இன்னொருவர் பயிற்சியை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்திருப்பார். இந்த ஆறு வேரியன்ஸும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இடைவெளி சீராக இல்லாத இம்மாதிரி அளவீடுகளில் அது பெரும்பாலும் நிற்காது. (இரண்டே தடவை அளந்திருந்தால் ஒரே ஒரு வித்தியாசம்தான், இந்தக் கவலையே இல்லை.)

இந்த நிபந்தனையைப் பார்க்கும் சோதனையை மௌச்லி 1940-இல் கொடுத்தார். எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான அதே ஜான் மௌச்லிதான். ஆனால் 15 பேர் என்றால் இந்தச் சோதனைக்குப் பார்வை மங்கல், கோளாறு இருந்தாலும் கண்ணில் படாது. சில நூறு பேர் என்றால் அற்ப விஷயத்துக்கும் கத்தும். அதனால் 0.09-ஐ நம்பி நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

எப்சிலான் 1 என்றால் குறையே இல்லை, நான்கு அளவீடுகளுக்கு மிக மோசமான நிலை 0.33. உங்கள் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (எஃப்-இலிருந்து பி-யைக் கணக்கிட உதவும் இரண்டு எண்கள்) 3, 42 இரண்டையும் 0.67-ஆல் பெருக்குங்கள்: 2.01, 28.14. எஃப் அதே 3.1தான், ஆனால் பி 0.06 ஆகி 0.05-ஐத் தாண்டிவிடுகிறது. வருத்தம்தான், என்ன செய்ய! இதே வேலைக்கான ஹுயின்-ஃபெல்ட் என்ற இன்னொரு திருத்தம் கொஞ்சம் தாராளமானது, ஆனால் எப்சிலான் 0.75-க்கு மேல் இருந்தால்தான் அதை எடுப்பது வழக்கம், உங்களுக்கு அது பொருந்தாது.

தீசிஸில் திருத்திய 2.01, 28.14-ஐயே போடுங்கள், பக்கத்தில் எப்சிலானையும் எழுதுங்கள். கைடு கேட்டால் அந்த ஆறு வேரியன்ஸையும் காட்டுங்கள்.