வழுக்கு மரம், பரிசல், சிலம்பம்: ஒலிம்பிக்குக்கு எது போகலாம்?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 'ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டிய நம்ம ஊர் விளையாட்டு எது?' என்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு விவாதம் வைத்தேன். எருது விடுதல், வழுக்கு மரம், மெதுவாக சைக்கிள் ஓட்டுதல், பரிசல், கயிறு இழுத்தல், சிலம்பம் என்று ஆறு அணிகள். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். ஆனால் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த மாதம் இறுதிச் சுற்று. இன்னொன்று: சிலம்பம் கற்கும் ஒரு ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா, "இது ஒலிம்பிக்கில் வந்துவிடும்னு மாஸ்டர் சொல்றாரே, நம்பிப் பணம் கட்டலாமா சார்?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: 'இதெல்லாம் ஒரு விளையாட்டா?' என்று எந்த அணியையும் யாரும் மடக்க விடாதீர்கள். ஒலிம்பிக்கின் பழைய வரலாற்றில் இதைவிட விசித்திரமானவை உண்டு. 1900இல் பாரிஸில் உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். அதே ஆண்டு சேன் நதியில் கம்பத்தில் ஏறி இறங்கி, படகுகள் மேல் தாவி, இன்னும் சில படகுகளுக்கு அடியில் நீந்திப் போகும் ஒரு தடை நீச்சல் நடந்தது. 1904இல் செயின்ட் லூயிஸில், குளத்தில் பாய்ந்த பிறகு கை கால் அசைக்காமல் யார் அதிக தூரம் போகிறார் என்று பார்த்துப் பதக்கம் கொடுத்தார்கள். 1912 முதல் 1948 வரை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கவிதைக்கும்கூடப் பதக்கம் இருந்தது. ஆகவே விசித்திரமாக இருப்பது தகுதிக் குறைவு அல்ல. அது மட்டுமே தகுதியும் அல்ல.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த ஆட்டத்தை முன்பின் பார்த்திராத வேற்று ஊர்க்காரர் ஒருவர், எழுதிக் கொடுத்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு, யார் ஜெயித்தார் என்று சண்டை வராமல் சொல்ல முடிகிறதா? இறுதிச் சுற்றில் இதையே சோதனையாக வையுங்கள். ஒவ்வொரு அணியும் தன் ஆட்டத்தின் விதிகளை ஒரே ஒரு தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளை எதிரணியிடம் கொடுத்து, வாய் விளக்கம் எதுவும் இல்லாமல், நடுவராக இருந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கெங்கே சந்தேகம் வருகிறதோ அங்கெல்லாம் அந்த ஆட்டம் இன்னும் ஊர் வழக்கமாகவே இருக்கிறது என்று பொருள். மேடையில் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால்கூடத் தப்பில்லை.

அடுத்ததாக எல்லா அணிகளிடமும் கேட்க வேண்டியது: இதை வேறு எந்த நாட்டில் ஆடுகிறார்கள்? ஒலிம்பிக் சாசனத்தில் முன்பு ஒரு கணக்கே இருந்தது. ஆண்கள் பிரிவு என்றால் 4 கண்டங்களில் குறைந்தது 75 நாடுகள், பெண்கள் பிரிவு என்றால் 3 கண்டங்களில் 40 நாடுகள். இப்போது அந்த எண்களைக் கறாராகப் பிடித்துக்கொள்வதில்லை. போட்டி நடத்தும் நகரமே சில ஆட்டங்களை முன்மொழியலாம். ஆனாலும் ஒரு உலகக் கூட்டமைப்பு வேண்டும், ஊக்கமருந்துச் சோதனைக்கு அது உட்பட வேண்டும், மொத்தம் சுமார் 10,500 வீரர்கள் என்ற வரம்புக்குள் இடம் கிடைக்க வேண்டும். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் ஏற்கெனவே இருக்கும் இன்னொன்றுக்கு இடம் குறையும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் விவாதம் உடனே கூர்மையாகும்.

சரி, ஆறு அணிகளுக்கும் வருகிறேன்.

எருது விடுதலில் அளவு பிரச்சினை இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் நடப்பது மாட்டைத் தழுவுவது அல்ல, குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த நேரத்தில் கடக்கிறது என்று விநாடிக் கணக்கில் பார்ப்பது. ஆனால் ஓடுவது மாடு. குதிரையேற்றத்தில் வீரர் கடைசி வரை குதிரையின் மேல் இருந்து அதை நடத்துகிறார். இங்கே கயிற்றை விட்டதும் மனிதனின் பங்கு முடிந்துவிடுகிறது. அப்புறம் பயணம். 1956 ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தபோது, ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைப்படுத்தல் சட்டத்தால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். குதிரைக்கே அந்தப் பாடு. போதாததற்கு, டோக்கியோவில் ஒரு குதிரை தாண்ட மறுத்து, முன்னணியில் இருந்த வீராங்கனை பதக்கத்தை இழந்த பிறகு, ஒரே வீரர் ஐந்து ஆட்டங்கள் ஆடும் நவீன ஐந்திறப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட முடிவு செய்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அந்த இடத்தில் தடை தாண்டும் ஓட்டம் வருகிறது. விலங்குகள் வெளியே போய்க்கொண்டிருக்கும் காலம் இது. எருது விடும் விழா நம் ஊரின் விழாவாகவே பெருமையோடு இருக்கட்டும்.

வழுக்கு மரம் பார்க்க எவ்வளவு அழகோ, நடுவருக்கு அவ்வளவு தலைவலி. முதலில் ஏறுபவர் தன் உடம்பாலேயே எண்ணெயைத் துடைத்துவிடுகிறார். பத்தாவதாக ஏறுபவருக்குக் கிடைப்பது வேறு மரம். வரிசைச் சீட்டுதான் பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது. மேலே இருந்து தண்ணீர் ஊற்றுகிறவரின் கைப்பக்குவம் மீதி. ஆனால் எண்ணெயை எடுத்துவிட்டால் இதே ஆட்டத்துக்கு ஒலிம்பிக்கில் இடம் இருந்திருக்கிறது. கயிறு ஏறுதல் 1896இல் ஏதென்ஸிலேயே உண்டு, 1932 வரை விட்டுவிட்டு நடந்தது. 1904இல் அதில் தங்கம் வாங்கிய அமெரிக்கர் ஜார்ஜ் ஐசருக்கு இடது கால் மரக்கால். அந்த ஒரே நாளில் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு பதக்கங்கள் வாங்கினார். இந்தக் கதையை அந்த அணிக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்றைய சுவர் ஏறும் வேகப் போட்டியில் சுவர் 15 மீட்டர். பிடிமானங்கள் உலகம் முழுக்க ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருக்கும். அதனால்தான் 2024இல் பாரிஸில் சாம் வாட்சன் 4.74 விநாடியில் ஏறியதை வேறு நாட்டில் வேறு ஆண்டில் ஏறியவரோடு ஒப்பிட முடிகிறது.

மெதுவாக சைக்கிள் ஓட்டுவதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முன்வைத்திருப்பார்கள். நான் அதை மதிக்கிறேன். விதி இரண்டு வரியில் முடியும்: கால் தரையில் படக் கூடாது, கோட்டை விட்டு விலகக் கூடாது. கடைசியில் வருபவர் ஜெயித்தார். நடைப் போட்டியும் இப்படி ஒரு கட்டுப்பாட்டின் மேல் எழுந்த ஆட்டம்தானே? ஓடத் தெரிந்தவரை ஓடாதே என்று சொல்லித்தான் அது நடக்கிறது. அது 1908 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இந்த அணிக்குக் குறை, உலகப் போட்டி நடத்த ஆள் இல்லை என்பது மட்டுமே.

பரிசல் எனக்குப் பிடித்த வாதம். ஒகேனக்கல்லில் பரிசலோட்டி செய்வதை உட்கார்ந்து பாருங்கள். முன்பக்கம் பின்பக்கம் இல்லாத வட்டக் கலம், ஒரே துடுப்பு, சுழலும் நீர். கொஞ்சம் தவறினால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதை நேர்கோட்டில் கொண்டுபோவது முழுக்க மனிதத் திறமை. இதை அளக்கவும் வழி இருக்கிறது. கேனோ ஸ்லாலம் என்ற ஒலிம்பிக் போட்டியில் வேகமாகப் பாயும் நீருக்கு மேல் தொங்கும் வாயில் கம்பங்களுக்கு நடுவே படகை ஓட்ட வேண்டும். கம்பத்தில் பட்டால் 2 விநாடி, வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி நேரத்தோடு கூடும். அதே வாயில்களைப் பரிசலுக்கு வைத்தால் போதும். வேல்ஸ் நாட்டிலும் வியட்நாமிலும் இப்படி வட்டக் கூடைப் படகுகள் உண்டு என்பதால் 'வேறு எங்கே?' என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. பரிசலின் அகலம், எடை, அடிப்பக்க விரிப்பு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண் கொடுங்கள். ஆனால் செய்து காட்டுகிறோம் என்று ஒருவரும் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது. காவிரியில் நீர் கூடுவதற்கு நேரம் காலம் கிடையாது.

நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தால் கயிறு இழுத்தலுக்குத்தான் முதல் பரிசு. இது புதிதாகச் சேர வேண்டிய ஆட்டமே அல்ல, திரும்பி வர வேண்டியது. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. 1908இல் லண்டனில் மூன்று பதக்கங்களையும் பிரிட்டன் போலீஸ் அணிகளே வாங்கின. லிவர்பூல் போலீஸ்காரர்களின் கனத்த பூட்ஸ் நியாயமில்லை என்று அமெரிக்க அணி புகார் சொல்லி விலகியது. 1912இல் இழுக்க வந்தவை இரண்டே அணிகள், ஸ்வீடன் ஜெயித்தது. விதி சரியாக இல்லை, உலகக் கூட்டமைப்பும் இல்லை, ஆட்டம் போய்விட்டது. கூட்டமைப்பு உருவானது 1960இல்தான். இன்று அந்தக் குறைகள் இல்லை. ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் 1999இல் கிடைத்தது. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டங்களுக்கான உலக விளையாட்டுப் போட்டியில் 1981 முதல் நடக்கிறது. அணிக்கு எட்டுப் பேர், எட்டுப் பேரின் மொத்த எடையை வைத்துப் பிரிவு, எதிரணியை 4 மீட்டர் இழுத்தால் ஒரு இழுப்பு, மூன்றில் இரண்டு ஜெயித்தால் வெற்றி. இந்தத் தாளைப் படித்தால் பாலக்கோடு தக்காளி மண்டியில் நிற்பவர்கூட நடுவராக இருக்கலாம். செலவு ஒரு கயிறு. பெண்களும் ஆண்களும் ஒரே விதியில் ஆடலாம். இவ்வளவு எளிதாக ஏழை நாடுகள் உள்ளே வரக்கூடிய ஆட்டம் இன்றைய ஒலிம்பிக் பட்டியலில் அதிகம் இல்லை. அது வெளியே நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பள்ளியிலேயே நடத்திக் காட்டுங்கள். மொத்த எடையைச் சமன் செய்து அணி பிரியுங்கள். உயரமான எட்டுப் பேரை ஒரே பக்கம் விடாதீர்கள். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள யாரையும் அனுமதிக்கக் கூடாது. தடிமனான நார்க் கயிறு நல்லது. நைலான் கயிறு இழுவையில் நீளும், அறுந்தால் சாட்டை போலத் திரும்பும். ஊரே சேர்ந்து இழுக்கிறோம் என்று ஆள் கூட்டாதீர்கள். 1997இல் தைபேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுத்த கயிறு அறுந்து இரண்டு பேரின் கை துண்டானது. எட்டுக்கு எட்டு போதும்.

இனி சிலம்பம். இதற்குள் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. வீச்சு என்பது நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடுவது. கம்புச் சண்டை என்பது தொட்டால் புள்ளி. மதிப்பெண் ஆட்டத்துக்கு ஒலிம்பிக்கில் இடம் இல்லாமல் இல்லை, ஆனால் அதற்கு விலை அதிகம். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பனிச்சறுக்கு நடனத்தில் ஒரு நடுவர் வெளி அழுத்தத்துக்கு ஆளானது வெளியே வந்து, இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுத்து, பிறகு மதிப்பெண் முறையையே மாற்றினார்கள். வீச்சுக்கு அப்படி ஒரு பொது அட்டவணை வேண்டும்: எந்தச் சுற்றுக்கு எவ்வளவு, எந்தக் காலடிக்கு எவ்வளவு என்று. இன்று ஒவ்வொரு ஆசானும் தன் பாணியைத்தான் சரி என்கிறார். கம்புச் சண்டை இதைவிட நெருக்கத்தில் இருக்கிறது. வாள்வீச்சில் எப்பே பிரிவுக்கு 1936இலேயே மின்கருவி வந்துவிட்டது. டேக்வாண்டோவில் 2012 லண்டனிலிருந்து உணர்கருவி வைத்த கவசம். கம்புக்கும் அப்படி ஒன்று செய்துவிட்டால் 'பட்டது, படவில்லை' என்ற வாக்குவாதம் தீரும். சிலம்ப அணி இதை முன்வைத்துப் பேசினால் இரண்டாம் பரிசு அவர்களுக்கே.

அந்த அம்மாவுக்கு நேராகச் சொல்லுங்கள்: ஒலிம்பிக்கை நம்பி மட்டும் பணம் கட்ட வேண்டாம். உலகம் முழுக்க ஆடும் கராத்தே டோக்கியோவில் ஒரு முறை வந்தது, பாரிஸில் இல்லை. பிரேக்கிங் நடனம் 2024இல் பாரிஸில் வந்தது. அங்கே போட்டி நடப்பதற்கு முன்பே, 2023இல் முடிவான லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்க்கைகளில் அதற்கு இடம் இல்லை. 2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா 2024இல் விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது. அது கிடைத்தால் நம் ஆட்டங்களை முன்மொழியலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வரிசையில் கபடி முன்னால் நிற்கிறது. 1990 முதல் ஆசிய விளையாட்டில் இருக்கிறது, 2018இல் ஈரான் இரண்டு பிரிவிலும் தங்கம் வாங்கும் அளவுக்குப் போட்டியும் வளர்ந்திருக்கிறது. கோ கோ 2025இல் டெல்லியில் உலகக் கோப்பையே நடத்திவிட்டது. இவற்றுக்குப் பின்னால்தான் சிலம்பம்.

அதற்காக மகளை நிறுத்தவும் வேண்டாம். முதலமைச்சர் கோப்பையில் சிலம்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மாநில அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு இவை கைக்கு எட்டும் இலக்குகள். ஒலிம்பிக்தான் கனவு என்று அவளே சொன்னால், வாள்வீச்சு பக்கம் ஒரு பார்வை பார்க்கட்டும். டோக்கியோவில் ஆடிய பவானி தேவி நம் சென்னைப் பெண், வாள்வீச்சில் ஒலிம்பிக் போன முதல் இந்தியர். கம்பில் பழகிய காலடியும் தூரம் கணிக்கும் கண்ணும் அங்கே வீண்போகாது என்பது என் எண்ணம்.

பணம் எங்கே போகிறது என்பதையும் அந்த அம்மா பார்க்க வேண்டும். 'இத்தனை மணி நேரம் இடைவிடாமல் கம்பு சுற்றி உலக சாதனை' என்று சான்றிதழுக்குக் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சிகள் நிறைய நடக்கின்றன. சின்னப் பிள்ளையின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அது கெடுதல், அந்தத் தாள் பதக்கத்துக்கும் ஈடாகாது. சிலம்பத்துக்குப் பல சங்கங்கள் இருக்கின்றன. எந்தச் சங்கம் நடத்தும் போட்டியின் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்குச் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் கேட்டுவிட்டு, அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டச் சொல்லுங்கள்.